பின் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா? ஹோம் தியேட்டர் விற்பவர்களின் கவனத்துக்கு

அக்குறணையிலுள்ள வாடிக்கையாளர் ஒருவருக்கு ஹோம் தியேட்டர் செட் ஒன்றை விற்றுவிட்டு, கண்டியிலிருந்து மூன்று தடவைகள் அவர் வீட்டுக்குப் போய் வந்த அனுபவம் எனக்குண்டு. செட்டை எடுத்துச் சென்ற மறுநாளே தொலைபேசியில் வந்தார். "என்ன நானா, பின்னால உள்ள ரெண்டு ஸ்பீக்கர்லயும் சத்தமே வருதில்ல. சாமான் பழுது போல" என்றார். பழுதென்றே நானும் நம்பி, வேறொரு புதிய செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாளில் மீண்டும் அதே முறைப்பாடு. மூன்றாம் தடவை விஷயம் தெரிந்த தம்பி ஒருவரையும் கூட்டிச் சென்றேன். அவர் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. ரிமோட்டை எடுத்து, டீவீயின் ஒலி அமைப்புக்குள் போய், பீ.சீ.எம். என்றிருந்ததை பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

பெட்டி உடைத்த முதலாவது செட்டைக் கொள்வனவு விலைக்கும் குறைவாகவே தள்ளிவிட நேர்ந்தது. வான் செலவு வேறு. அந்த வியாபாரத்தில் என்ன மிஞ்சியது என்று கேட்க வேண்டாம்.

இந்த பீ.சீ.எம். விவகாரத்தைக் கடையில் நிற்கும் பையன்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். டீவீயிலிருந்து ஒப்டிகல் வயர் மூலமோ ஏ.ஆர்.சி. எனும் எச்.டி.எம்.ஐ. வழியிலோ பீ.சீ.எம். ஆக வரும் ஒலி, இடது வலது என்ற இரண்டு சனல்களை மட்டுமே சுமந்து வரும். 5.1 ஒலி வர வேண்டுமானால் டொல்பி டிஜிட்டல் பிட்ஸ்ட்ரீமாகவே அது வெளியேற வேண்டும். எச்.டி.எம்.ஐ. வயரை டீவீயில் ஏ.ஆர்.சி. என்று எழுதப்பட்ட துவாரத்தில்தான் செருக வேண்டும். மற்றைய துவாரங்களில் செருகினால் டீவீயின் சத்தம் செட்டுக்கு வராது. ஏ.ஆர்.சி. 2009 இல் வந்த வசதி. அதற்கு முந்திய டீவீ வைத்திருப்பவருக்கு ஒப்டிகல் வயரைக் கொடுத்தனுப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பின்னால் சத்தம் வராத சந்தர்ப்பமும் உண்டு. கிரிக்கெட், செய்தி போன்ற டீவீ நிகழ்ச்சிகள் அநேகமாக ஸ்டீரியோவில்தான் வருகின்றன. அனுப்பாத சத்தம் பின் ஸ்பீக்கருக்கு எப்படி வரும்? டொல்பி சரவுண்ட், புரோ லொஜிக் போன்ற தெரிவுகளை இயக்கினால் ஸ்டீரியோவை ஓரளவுக்குப் பிரித்துத் தரும். இதை விற்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விற்ற பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

இனி ஸ்பீக்கர்களை வைக்கும் இடம். முன் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமும், ஒவ்வொன்றுக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து பக்கத்துக்கு 30 பாகை என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்வதும் இதைத்தான். பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகை வரை, அதாவது பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால். நம் வீடுகளிலோ சோபா பின் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். அப்படியானால் பக்கச் சுவர்களில், உட்கார்ந்தவரின் காதுக்கு ஓரிரு அடி உயரத்தில் பூட்டிவிடலாம். இரண்டையும் டீவீக்குப் பக்கத்திலேயே அழகுக்கு அடுக்கி வைத்த வீடுகளையும் கண்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியது எதற்கென்றுதான் விளங்கவில்லை.

"பேச்சு விளங்குதில்ல, வெடிச் சத்தம் மட்டும் பெரிசாக் கேட்குது" என்பது அடுத்த பிரபலமான முறைப்பாடு. பேச்சு பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கரிலிருந்து. அதை அலுமாரித் தட்டுக்குள் தள்ளி வைத்திருப்பார்கள். விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கித் திருப்பி, 2 அல்லது 3 டெசிபெல் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எதிரொலி அதிகம். தடித்த திரைச்சீலையும் ஒரு கார்பெட்டும் செய்யும் வேலையை விலையுயர்ந்த செட்டும் செய்யாது.

பிறகு தூரமும் அளவும். ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் செல்லும். பின் ஸ்பீக்கர் முன் ஸ்பீக்கரை விட 1.7 மீற்றர் கிட்ட இருந்தால் அதன் சத்தம் 5 மில்லிசெக்கன் முந்தி வந்துவிடும். ஆகவே இருக்கையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நாடா பிடித்து அளந்து, அந்தத் தூரங்களை செட்டில் பதிய வேண்டும். அடுத்து டெஸ்ட் டோனை ஓடவிட்டு, இருக்கையில் ஒலிமானியைப் பிடித்து, எல்லா ஸ்பீக்கரையும் ஒரே அளவுக்கு, வழக்கமாக 75 டெசிபெல்லுக்குக் கொண்டுவாருங்கள். கைத்தொலைபேசிச் செயலியும் போதும். இங்கு தேவை எல்லாம் சமமாக இருப்பதே.

சப் வூஃபருக்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. அதைத் தூக்கி வாடிக்கையாளர் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் அதிகமுள்ள ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். குமுறாமல், தெளிவாக எங்கே கேட்கிறதோ அங்கேதான் அதன் இடம். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் இரைச்சலாகும். பெரிய ஸ்பீக்கர்களுக்கு குறுக்கு அதிர்வெண் 80 ஹேர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்களென்றால் 120 அல்லது 150. வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வயரில் கூட்டலையும் கழித்தலையும் ஒரு பக்கம் மாற்றிக் கொடுத்தால் பேஸ் மெலிந்து, சத்தம் நடுவில் நில்லாது சிதறும். 10 மீற்றர் வரை 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போதும். அதற்கு மேல் 2.5. மெல்லிய மணி வயரை விற்காதீர்கள்.

வொட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பீ.எம்.பீ.ஓ. எண்ணுக்கு ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவுமில்லை. ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் சொல்லி விற்பவரிடம் வாடிக்கையாளர் ஒரு முறை தயங்கலாம். அடுத்த கடையில் 5000 வொட்ஸ் என்று வாங்கிய அவரது மச்சான் வீட்டில் கேட்டுவிட்டு, மறுபடி உங்களிடமே வருவார்.

நான் பிற்பாடு செய்தது இதுதான்: பொருத்துக் கூலியைச் செட்டின் விலையோடு சேர்க்காமல் தனியாக எழுதினேன். வேண்டாமென்றவர்கள் சிலரே. வேலை முடிந்ததும் தூரங்கள், டெசிபெல், குறுக்கு அதிர்வெண், டீவீயின் ஒலித் தெரிவு யாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கடையின் தொலைபேசி இலக்கத்தோடு செட்டின் பின்புறம் ஒட்டிவிட்டு வருவோம். அதன் அடியில் இன்னொரு வரியும் இருக்கும்: ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால், மின்சார பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடவும்.