குறி விலகும் துப்பாக்கி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சித் திடலில் நான் நேரில் கண்ட நிகழ்ச்சி இது. தேசிய மாணவர் படையைச் சேர்ந்த மாணவனொருவன் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஐந்து தோட்டாக்கள் சுட்டான். இலக்குத் தாளின் நடுவில் ஒரு துளையேனும் இல்லை. ஐந்தும் சுமார் 6 சென்டிமீட்டர் இடப்புறம் தள்ளி விழுந்திருந்தன. பயிற்சியளித்தவர் தாளை ஒரு முறை நோக்கிவிட்டு, "விசையை வெடுக்கென்று இழுக்கிறான், இன்னும் பழக வேண்டும்" என்று கூறினார். போட்டிக்குச் செல்லும் குழுவில் அவன் பெயர் சேர்க்கப்படவில்லை.

அத்தாளில் மற்றொரு செய்தியும் இருந்தது. அதை எவரும் படிக்கவில்லை. ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். அவ்வளவு நெருங்கியிருந்தன. விசையை வெடுக்கென்று இழுப்பவனுடைய குண்டுகள் சிதறுமேயன்றி ஓரிடத்தில் குவிவதில்லை. குவிந்த குண்டுகள் சுட்டவனது கைத்திறனுக்குச் சான்று. அக்குவியல் நடுவை விட்டு விலகியிருப்பதோ பெரும்பாலும் துப்பாக்கியின் குறைக்கு அறிகுறி. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மாணவனைக் கடிந்துகொள்வது அநீதி. அவசரப்பட்டுத் துப்பாக்கியைத் திருத்த முற்படுவதும் அதற்குக் குறைந்த தவறன்று.

இரும்புக் குறிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை முதலில் காண்போம். குழலின் நுனியருகே நிற்கும் சிறு தகடு முன்குறி. கண்ணுக்கு அண்மையில் பிளவாகவோ துளையாகவோ அமைந்திருப்பது பின்குறி. கண், பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் அமையும்போது விசையை அழுத்துகிறோம். குண்டு செல்வதோ குழல் நோக்கும் திசையில். ஆகையால் குறிகளின் கோட்டுக்கும் குழலின் கோட்டுக்கும் உள்ள உறவு சிறிது மாறினாலும், குறிபார்த்தவர் பிழை செய்யாதபோதே குண்டு விலகும்.

எவ்வளவு விலகும்? பள்ளி வடிவகணிதத்தில் வரும் ஒத்த முக்கோணங்களே இதற்கு விடை கூறும். இந்தியப் படைகளில் நெடுங்காலம் வழங்கிய முதலாம் எண் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் இரு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் உண்டு. கணக்கின் எளிமைக்காக 50 என்று கொள்வோம். முன்குறி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 25 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் விலகும். 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர்.

ஆயுதம் ஏதுமின்றி இதை வகுப்பறையில் காட்டலாம். ஒரு மரச்சட்டத்தில் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குண்டூசிகளைக் குத்துக. பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் ஒரு புள்ளியிட்டு, இரு ஊசிகளும் புள்ளியும் ஒன்றையொன்று மறைக்குமாறு சட்டத்தை வைக்க. பின்னர் சட்டத்தை அசைக்காமல் முன் ஊசியை மட்டும் 1 மில்லிமீட்டர் வலப்புறம் பெயர்த்தால், பார்வைக்கோடு சுவரில் 2 சென்டிமீட்டர் வலப்புறம் சென்றிருக்கும். மீண்டும் புள்ளியையே பார்க்க வேண்டுமாயின் சட்டத்தை இடப்புறம் திருப்ப நேரும். சட்டமே குழல் என்று எண்ணிக்கொள்க. முன்குறி வலப்புறம் பெயர்ந்தால் குண்டு இடப்புறம் செல்வதன் காரணம் மாணவர்க்கு அப்போதே விளங்கிவிடும். இதனின்று கிடைக்கும் விதி: முன்குறியைக் குண்டு தவறிய திசையிலேயே நகர்த்த வேண்டும், பின்குறியை அதற்கு எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். குண்டு மேலே விழுந்தால் முன்குறி உயரமாக வேண்டும். கீழே விழுந்தால் குட்டையாக வேண்டும். இவ்விதியைத் தலைகீழாக நினைவில் கொண்டு பிழையை இருமடங்காக்கியோர் பலர்.

இனிச் சோதனைக்கு வருவோம். தோட்டா இல்லை என்பதை இருவர் தனித்தனியே பார்த்து உறுதி செய்தபின்னரே துப்பாக்கியைக் கையிலெடுக்க வேண்டும். பின்னர் முன்குறியின் அடிப்பாகத்தை நோக்குக. தகட்டிலும் அதைத் தாங்கும் மேடையிலும் ஒரே நேராக அடையாளக் கோடு இடப்பட்டிருந்தால், அது பிளந்திருக்கிறதா என்று காண்க. மரப்பகுதியை உலோகத்தோடு பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கக் கூடாது. முன்குறி தேய்ந்து பளபளத்திருந்தால், வலப்புற வெயிலில் அதன் ஒளிர்ந்த பக்கத்தையே தகட்டின் நடுவென்று கண் கொள்ளும். குண்டு இடப்புறம் போகும். கற்பூரப் புகையால் அதைக் கருமையாக்குவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

லீ-என்ஃபீல்டு போன்றவற்றில் அடைப்பானை வெளியே எடுத்துவிடலாம். மணல் மூட்டைகளின் மேல் துப்பாக்கியை அசையாமல் இருத்தி, பின்புறமிருந்து குழலினூடே 25 மீட்டரிலுள்ள ஒரு புள்ளியைப் பார்க்க. பின்னர் அதை நகர்த்தாமல் குறிகளின் வழியே பார்க்க. இரண்டும் இடவலமாக வேறுபட்டால் குறி பெயர்ந்திருக்கக் கூடும். மேல்கீழ் வேறுபாட்டை இவ்வழியில் நம்ப வேண்டாம். சுடும்போது குழல் அதிர்வதாலும் குண்டு தாழ்வதாலும் அக்கணக்கு வேறு.

முடிவான சோதனை சுடுதலே. முதலில் ஓரிரு தோட்டாக்களைச் சுட்டுக் குழலிலுள்ள எண்ணெயைப் போக்கிவிட்டு, ஐந்தைந்தாகச் சுட வேண்டும். பிறகு அதே துப்பாக்கியைத் தேர்ந்த ஒருவரிடமும், அதே மாணவனிடம் வேறொரு துப்பாக்கியையும் கொடுக்க. விலகல் துப்பாக்கியோடு சென்றால் துப்பாக்கியின் பிழை. ஆளோடு சென்றால் ஆளின் பிழை. மேற்கூறிய மாணவனுக்கு இவ்வாறு செய்து பார்த்தது பத்து நாட்கள் கழித்து. விலகல் துப்பாக்கியோடுதான் சென்றது. அதன் முன்குறி வலப்புறம் 1.2 மில்லிமீட்டர் பெயர்ந்திருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது அது கீழே விழுந்ததை ஒருவர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். குழுவோ முன்பே புறப்பட்டுவிட்டது.

அத்துப்பாக்கி எளிதில் திருந்தியது. ஆர்மரர் எனப்படும் படைக்கலத் தொழிலாளர் அதற்குரிய கருவியால் முன்குறியை நகர்த்தி அடையாளக் கோட்டைப் பொருத்தினார். (சுத்தியலால் தட்டி நகர்த்தும் வீரர்களும் உண்டு, அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதிருப்பதே நன்று.) ஆனால் குறிகளைத் திருத்துவதால் தீராத நோயும் ஒன்றுண்டு. அதற்குச் சிறந்த சான்று கார்பைன் என்னும் குறுந்துப்பாக்கி வகையில் கிடைக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, காட்டுப் போருக்கு ஏற்றவாறு நான்காம் எண் லீ-என்ஃபீல்டைக் குறுக்கி ஐந்தாம் எண் துப்பாக்கியை ஆங்கிலேயர் 1944-இல் உருவாக்கினர். காட்டுக் கார்பைன் என்றே அது பெயர் பெற்றது. மூலத் துப்பாக்கியின் நீளம் சுமார் 1.13 மீட்டர், இதற்கு 1 மீட்டர். எடை 4 கிலோகிராமுக்கு மேலிருந்து சுமார் 3.2 ஆகக் குறைந்தது. குழலின் உலோகமும் அடைப்பான் இயங்கும் கூட்டின் உலோகமும் ஆங்காங்கே குடைந்து நீக்கப்பட்டன. குழல் குறுகவே குறிகளுக்கு இடையிலுள்ள தூரமும் குறைந்தது. ஆகவே குறியில் நேரும் சிறு பிழையும் இலக்கில் பெரிதாகும்.

இத்துப்பாக்கியைப் பற்றி எழுந்த புகார் விசித்திரமானது. இன்று செம்மையாகக் குறியமைத்தால் வேறொரு நாள் குண்டுகள் வேறிடத்தில் குவிகின்றன; அங்கே திருத்தினால் மற்றோரிடம். இதை 'அலையும் குறி' என்றனர். உலோகத்தைக் குடைந்ததே காரணம் என்று பலர் கருதினர். 1947-இல் உற்பத்தி நின்றது. எனினும் மலாயாக் காடுகளில் அதன் பின்னரும் அது பயன்பட்டது. பிற்காலத்தில் அதைச் சுட்டுப் பார்த்தோரில் பலர் இக்குறையைக் காணவில்லை என்கின்றனர். அவ்விவாதம் எவ்வாறாயினும், புகார் நமக்குக் காட்டும் வேறுபாடு தெளிவானது. பெயர்ந்த குறி ஒரே திசையில், ஒரே அளவில் தவறும். அலையும் குறியோ ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகத் தவறும். பின்னதில் முன்குறியை எத்தனை முறை நகர்த்தினாலும் பயனில்லை. நோய் குழலிலோ, கூட்டிலோ, மழைக்காலத்தில் ஈரத்தால் புடைத்துக் குழலை அழுத்தும் மரத்திலோ இருக்கலாம்.

எனவே ஒரு நாள் சோதனை போதாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் எண்ணிட்ட ஒரு தாள் வைத்து, தேதி, தூரம், பின்குறியின் நிலை, குவியல் நடுவிலிருந்து எத்திசையில் எத்தனை சென்டிமீட்டர் விலகியது என்பவற்றை எழுதிவருக. மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் கட்டாயம் எழுதுக. மூன்று பதிவுகளும் ஒரே திசையைக் காட்டினால் முன்குறியைத் திருத்தச் சொல்லலாம். மூன்றும் மூன்று திசையைக் காட்டினால், குறியைத் தொடாமல், தாளின் பிரதியையும் அத்துப்பாக்கியோடு கட்டிப் பட்டறைக்கு அனுப்புக.