பழகுநர் பயிற்சியும் விற்பனையாளர் பொறுப்பும்

துணி வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். பழகுநர் பயிற்சிக்கு உடன்படும் நிறுவனமோ, அதன் பயனைக் காணப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். எனவே, பயிற்சி அமைப்புகளின் சார்பில் நிறுவனங்களை அணுகும் விற்பனையாளரின் சொல்லே அங்கு முதன்மை பெறுகிறது.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இப்பயிற்சியை நெறிப்படுத்துகிறது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், அவ்வெண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தல் வேண்டும். 2016இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், உதவித்தொகையின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது.

இவற்றை எடுத்துரைத்து நிறுவனத்தை இணங்கச் செய்தல் முறையே. ஆனால், ‘குறைந்த செலவில் வேலைக்கு ஆள் கிடைப்பார்’ என்று கூறுபவர், பயிற்சியின் பெயரால் பழகுநரின் உழைப்பை விற்கிறார். சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். அவருடன் ஒப்பந்தம் செய்து பதிவு செய்தல், தொழிலைக் கற்பித்தல், உதவித்தொகை வழங்குதல் ஆகியன நிறுவனத்தின் கடமைகளாகும்.

இக்கடமைகளையும் மறைக்காமல் கூறுவதே நேர்மையான விற்பனை. பேரம் நடைபெறும் இடத்தில் இளைஞர் இருப்பதில்லை. செலவாவதோ அவரது இளமைக்காலம்.