ஹேண்டில்பாரில் பை தொங்குதா? உஷார்! சைக்கிளில் வேலைக்குப் போறவங்க கவனத்துக்கு...

தாம்பரம்:

காலை 7 மணிக்கு கேம்ப் ரோடு பக்கம் நின்று பார்த்தால் தெரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளில் இருந்து தாம்பரம் ரெயில் நிலையத்துக்கும், சானடோரியத்தில் 1984-ல் தொடங்கப்பட்ட மெப்ஸ் வளாகத்துக்கும் சைக்கிளில் வருபவர்கள் இன்றைக்கும் இருக்கத்தான் செய்கிறார்கள். எல்லோரிடமும் ஒரு சாப்பாட்டுப் பை, ஒரு தண்ணீர் பாட்டில். அந்தப் பையை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினையே!

நிறைய பேர் யோசிக்காமல் செய்வது, ஹேண்டில்பாரில் மாட்டி விடுவது. இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. ஒரு பக்கம் மட்டும் 2, 3 கிலோ தொங்கினால் ஹேண்டில் அந்தப் பக்கமாகவே இழுக்கும். பெடல் மிதிக்க மிதிக்க பை ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடுகிற பையோ, அதன் வாரோ முன்சக்கரக் கம்பிக்குள் போய்விட்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் ஹேண்டிலுக்கு மேலே போய் தலைகுப்புற விழுவார். பின்னால் பஸ் வரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் மஞ்சப்பையின் காது நீளம். ஹேண்டிலில் மாட்டினால் சக்கரத்தைத் தொடுகிற அளவுக்குத் தொங்கும். கடைக்குப் போகும்போது சரி, பொருள் வாங்கித் திரும்பும்போது கேரியருக்கு மாற்றி விடுங்கள்.

முதுகுப் பை நல்லதா?

முதுகுப் பையில் ஒரு வசதி உண்டு. சைக்கிள் குலுங்கினாலும் உடம்பு அந்தக் குலுக்கலில் பாதியை வாங்கிக் கொள்ளும். லேப்டாப் கொண்டு போகிறவர்களுக்கு இதுவே பாதுகாப்பு. ரெயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு அப்படியே பிளாட்பாரத்துக்கு ஓடலாம்.

ஆனால் கத்திரி வெயிலில் கதை வேற. வேளச்சேரி சாலையில் நாலு கிலோமீட்டர் மிதித்தாலே முதுகுச் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடும். எடை உயரத்தில் இருப்பதால் சட்டென்று ஒடிக்கும்போது உடம்பு தள்ளாடும். பள்ளிப் பிள்ளைகளின் பை அவர்கள் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசின் 2020-ம் ஆண்டு பள்ளிப் பை கொள்கை சொல்கிறது. பெரியவர்களும் அந்தக் கணக்கை மனதில் வைத்துக் கொள்ளலாம். இன்னொன்று, குனிந்து மிதிக்கும்போது டிபன் பாக்ஸ் சாயும். ரசம் கசிந்து ஆபீஸ் பைல் மஞ்சளானவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பால்காரரைப் பாருங்க

சைக்கிளில் எடை ஏற்றுவதை பால்காரர்களிடம்தான் கற்க வேண்டும். கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, கேன்களைத் தாழ்வாகத் தொங்க விடுவார்கள். எடை கீழே இருப்பதால் வண்டி சாயாது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் இழுக்காது. குடங்கள் கட்டி தண்ணீர் எடுக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

இப்போது கடைகளில் கிடைக்கும், கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளின் சூட்சுமமும் இதுவே. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். மிதிக்கையில் குதிகால் பையில் இடிக்கக்கூடாது. ஸ்டாண்டில் வண்டியை விடும்போது பையைச் சுலபமாகக் கழற்றிக் கையில் எடுத்துப் போக முடிய வேண்டும். கழற்ற முடியாத பையென்றால் பொருளை ஸ்டாண்டிலேயே விட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது அது இருக்குமா என்பது உத்தரவாதம் இல்லை.

பழைய 24 இஞ்ச் சைக்கிளின் இரும்பு கேரியர் பின்சக்கர அச்சு வரை கால் ஊன்றி நிற்கும், மூட்டையே ஏற்றலாம். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் கேரியரே வருவதில்லை. அச்சுக்குப் பக்கத்தில் திருகு போட ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பிறகு நல்ல கேரியர் மாட்டலாம். சீட் குழாயை மட்டும் பிடித்து நிற்கும் கேரியர்கள் சாப்பாட்டுப் பைக்குப் போதும். அரிசி மூட்டைக்கு ஆகாது!

கேரியரில் கட்டும்போது எடை சீட்டை ஒட்டி இருக்கட்டும். பின்னால் தள்ளிப் போனால், தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். கேரியரின் ஸ்பிரிங் கிளிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பள்ளத்தில் இறங்கினால் பை கீழே கிடக்கும், அதை எடுக்க நடுரோட்டில் திரும்புவதில்தான் ஆபத்தே. பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டு, பட்டையாக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவது எத்தனையோ வருட வழக்கம். விலை உயர்ந்த கயிறுகளை விட இதுவே கெட்டி. டியூப்பின் வால் மட்டும் தொங்கக் கூடாது. செயினிலோ சக்கரத்திலோ சிக்கும்.

பிளஸ்-1 மாணவ, மாணவிகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் முன்பக்கக் கூடை உண்டு. டிபன் பாக்ஸ், குடை அதில் வைக்கலாம். புத்தக மூட்டையை அதில் திணித்தால் ஹேண்டில் கனமாகி, திருப்பவே சிரமப்படும். நிறுத்தி வைக்கும்போதும் முன்பக்கம் திரும்பி வண்டி கவிழும். புத்தகம் கேரியருக்கு, சாப்பாடு கூடைக்கு என்று பிரித்து விடுவதே சரி.

எடை ஏற்றுகிறவர்கள் பின்சக்கரத்தில் காற்றைச் சற்று கூடுதலாக வைக்க வேண்டும். பிரேக் பிடித்தால் வழக்கத்தை விட தள்ளிப் போய்த்தான் வண்டி நிற்கும், அதற்குத் தகுந்த இடைவெளி விடுங்கள்.

மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு. முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் தேங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தாழ்வாகத் தொங்கும் பைகள் கீழிருந்தும் நனையும். மேலே போடும் உறை மட்டும் போதாது. செல்போன், சர்டிபிகேட், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் தடிமனான ஒரு கவரில் சுருட்டி மூடி, அதன் பிறகு பைக்குள் வையுங்கள். மட்கார்டு இல்லாத சைக்கிள் என்றால் சேறு நேராக பையிலும் முதுகிலும்தான் அடிக்கும். மழை தொடங்கும் முன்பே மட்கார்டு மாட்டி விடுங்கள்.