டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கோயில், கல்வெட்டு என்று தேடிச் சுற்றுகிற நண்பர்கள் சிலர், தங்கள் குழுவுக்கு ஓர் இணையதளம் வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். என்ன பெயர், எந்தக் கம்பெனி மலிவு என்பதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிகிற விஷயம். அந்தப் பெயர் யார் கையில் இருக்கும் என்பதுதான் அசல் கேள்வி.

இதே பகுதியில் முன்பு இன்னொரு குழு இருந்தது. வெப்சைட் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே எடுத்திருந்தார். அவர் வெளிநாடு போனார், கெடு முடிந்தது, இப்போது அந்த முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடுகிறது. அதில் இருந்த படங்களில் சில, இன்று அந்த இடத்தில் இல்லாத சிற்பங்களுடையவை.

டொமைனை 'வாங்கினேன்' என்பது பேச்சுக்குத்தான். அது குத்தகை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 வருஷம்; பலர் எடுப்பது ஒரு வருஷம். கெடு தாண்டினால், டாட் காம், டாட் ஆர்க் பெயர்களைச் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். எத்தனை வாரம் என்பது கம்பெனியைப் பொறுத்தது. பிறகு பெயர் நீக்கப்பட்டு 30 நாள் மீட்புக் காலம், கூடுதல் கட்டணத்தோடு. அதன்பின் 5 நாள் யாரும் தொட முடியாது. அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஐகேன் விதிப்படி, கெடுவுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் வரும். ஆனால் அது போவது பதிவு செய்தவரின் மெயிலுக்கு.

புதுப்பிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் திருக்கழுக்குன்றம். அங்கே ராஜகேசரியின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் முதலாம் ஆதித்த சோழன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கந்தசிஷ்யன் மூலட்டானத்துக்கு விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கவர்மன் காத்தபடியே தானும் தொடர்வதாக அது சொல்கிறது. பல்லவர் போய்ச் சோழர் வந்த காலம். பழைய தானத்தைப் புதிய அரசன் பெயரில் உறுதிசெய்து வாங்க வேண்டியிருந்தது. தானம் கோயிலுக்கு, தனி ஆளுக்கு இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். மூன்று அரசர்களைத் தாண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

குழு 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது என்றால், டொமைனைச் சங்கத்தின் பெயரிலேயே எடுங்கள். பதிவு இல்லையா? ஒருவர் பெயரில் எடுத்து, இது குழுவுக்குச் சொந்தம் என்று தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். தொடர்புக்குக் குழுவுக்கென்று தனி மெயில் வேண்டும். அது அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் போனால் மெயிலும் போகும், நினைவூட்டலை எங்கே படிப்பது? பாஸ்வேர்டு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். ஓடிபி ஒரே ஒருவர் போனுக்குத்தான் வரும் என்றால் அந்த இரண்டாவது ஆளால் பிரயோஜனமில்லை. பணம் வசூலாகும்போதே ஐந்து வருஷத்துக்குக் கட்டிவிடுவது நல்லது.

ஹோஸ்டிங்கில் இவ்வளவு யோசிக்க வேண்டாம். படமும் கட்டுரையும்தானே, சாதா எச்டிஎம்எல் பக்கங்கள் போதும். வேர்டுபிரஸ் போட்டால் அப்டேட் செய்ய ஆள் வேண்டும். ஹோஸ்டிங்கோடு டொமைன் இலவசம் என்பார்கள். நான் இரண்டையும் வேறு வேறு இடத்தில்தான் வைப்பேன். ஒன்றில் தகராறு வந்தால் மற்றது பிழைக்கும்.

இலவசமாக ஃபேஸ்புக் பக்கம் போதாதா என்றும் ஒருவர் கேட்டார். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, யாஹூ குழுமங்கள் 2020இல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் தமிழ் டாட் நெட்டில்தான் இடம்பெற்றிருந்தது. பிறகு சொந்தப் பெயருக்கு மாறியது, இன்றும் நூல்கள் கிடைக்கின்றன. பெயர் நம்முடையதாக இருந்தால், சர்வர் எங்கே மாறினாலும் வாசகருக்கு முகவரி மாறாது.

தமிழிலேயே 'டாட் இந்தியா' எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். எடுக்கலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் காப்பி செய்து அனுப்பும்போது பல இடங்களில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். இரண்டாவது பெயராக எடுத்து, முதல் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.