இரண்டு லைன் எடுத்தாப் போதுமா?



இந்தக் கிழமை எபிசோடில நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கோ கடைக்கோ இரண்டு இன்டர்நெட் லைன் எடுத்து, ஒரு ரூட்டரில செருகினா என்ன நடக்கும்?

எல்லாரும் எதிர்பார்க்கிறது இரண்டு. ஒண்டு, வேகம் கூடும். மற்றது, ஒரு லைன் விழுந்தாலும் மற்றது நிக்கும். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, அந்த இரண்டு லைனையும் நீங்கள் எங்கே வாங்குறீங்கள் எண்டதைப் பொறுத்தது.

வேகம்

கேபிள் லைன் 300 மெகாபிட், 5ஜி லைன் 100 மெகாபிட் எண்டு வையுங்கோ. ஒரு பெரிய ஃபைலை ஒரே கனெக்ஷனில இறக்கினா 400 வருமா? வராது.

ஏனெண்டா, ரூட்டர் பகிர்ந்து குடுக்கிறது பாக்கெட்டுகளை இல்லை, கனெக்ஷன்களை. உங்கட இரண்டு லைனுக்கும் வெளியில தெரியிற ஐபி முகவரி வேற வேற. ஒரே கனெக்ஷனின் பாதிப் பாக்கெட்டை ஒரு லைனாலும் மீதியை மற்ற லைனாலும் அனுப்பினா, அங்கால இருக்கிற சேர்வர் அந்த மீதியைப் பார்த்து "நீ ஆர்?" எண்டு தள்ளிவிடும். அதனால ஒரு கனெக்ஷன் எந்த லைனில தொடங்கினதோ, முடியிற வரைக்கும் அதிலயேதான் போகும்.

இணையத்தின் நடுவில இருக்கிற பெரிய ரூட்டர்களுக்கு இந்த முகவரிப் பிரச்சினை இல்லை. ஆனாலும் சமமான பல பாதைகள் இருக்கும்போது, அவையும் வழக்கமா ஒரு கனெக்ஷனை ஒரே பாதையிலதான் விடும். பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்து சேர்ந்தா, வழியில ஏதோ தொலைஞ்சு போச்சு எண்டு டிசிபி நினைத்து வேகத்தைக் குறைச்சுப்போடும்.

கோயில் அன்னதானத்தை நினைச்சுப் பாருங்கோ. இரண்டு வரிசை வைச்சாக் கூட்டம் கெதியாக் குறையும். ஆனா உங்கட தட்டில சோறு இரண்டு மடங்கு வேகத்தில விழாது. அது மாதிரித்தான் இதுவும். தங்கச்சி கேம், அப்பா யூடியூப், நீங்கள் மீட்டிங் எண்டு பலது ஒரே நேரத்தில ஓடினா இரண்டு லைன் உதவும். லைன்களின் வேகம் 300க்கு 100 எண்டா, ரூட்டரில பங்கை 3க்கு 1 எண்டு வையுங்கோ. சரிபாதியா விட்டா மெதுவான லைன்தான் முதலில நிரம்பும்.

இன்னொண்டு: சில வங்கித் தளங்கள், நடுவில ஐபி முகவரி மாறினா உங்களை வெளியில தள்ளிவிடும். ஒரே தளத்துக்குப் போறது எல்லாம் ஒரே லைனால போகட்டும் எண்டு சொல்லுற செட்டிங் பல ரூட்டர்களில இருக்கு. அதைப் போட்டுவிடுங்கோ.

உண்மையிலேயே இரண்டையும் ஒண்டாக்க வேணுமெண்டா, மறுமுனையும் ஒத்துழைக்க வேணும். மல்டிபாத் டிசிபி அப்படிப்பட்ட ஒரு முறை. ஆப்பிள் 2013இல ஐஓஎஸ் 7 வந்தபோது, ஐபோனின் குரல் உதவியாளருக்கு அதைப் பாவிச்சது. வைஃபை போனாலும் மொபைல் டேட்டாவில அதே கனெக்ஷன் தொடரும்.

விழாமல் நிக்கிறது

கனடாவில இருக்கிறவைக்கு 2022 ஜூலை 8 ஞாபகம் இருக்கும். ரோஜர்ஸ் நெட்வொர்க் நாடு முழுக்க விழுந்தது. 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு 911ஐக் கூட அழைக்க முடியவில்லை.

காரணம் வெட்டுப்பட்ட வயர் இல்லை. நெட்வொர்க்கைப் புதுப்பிக்கிற வேலையில, ரூட்டர்களில இருந்த ஒரு ஃபில்டர் நீக்கப்பட்டது. உடனே அளவுக்கு மிஞ்சின ரூட்டிங் தகவல் பாய்ஞ்சு, நடு ரூட்டர்கள் மூழ்கிப் போச்சு. மொபைல், வீட்டு இன்டர்நெட் இரண்டுமே அந்த ஒரே நடுப்பகுதியிலதான் தங்கியிருந்தது.

இப்ப யோசியுங்கோ. அண்டைக்கு ஒரு கடையில ரோஜர்ஸ் கேபிளும், அவசரத்துக்கு எண்டு ரோஜர்ஸ் சிம்மும் இருந்திருந்தா? மாதம் இரண்டு பில், கையில ஒரு லைனும் இல்லை. வேற கம்பெனியின் லைன் வைச்சிருந்த கடைக்கும் இன்டராக் டெபிட் வேலை செய்யவில்லை, ஏனெண்டா இன்டராக்கும் ரோஜர்ஸை நம்பித்தான் இருந்தது. ஆனா அந்தக் கடைக்கு கிரெடிட் கார்டாவது ஓடியிருக்கும். அதுக்குப் பிறகுதான் இன்டராக் இன்னொரு நிறுவனத்தின் சேவையையும் சேர்க்கிறதா அறிவிச்சது.

ஆகவே எத்தனை லைன் எண்டு எண்ணாதேங்கோ. இரண்டும் எந்த இடத்தில ஒண்டாச் சேருது எண்டு பாருங்கோ. பில்லில பெயர் வேறயா இருக்கலாம். ஆனா சின்னக் கம்பெனிகள் கனக்க, பெரிய கம்பெனிகளின் வயரைத்தான் வாடகைக்கு எடுக்கினம். வாங்க முதல் "இது ஆற்ற வயர்?" எண்டு கேளுங்கோ. ஒண்டு கேபிள் எண்டா, மற்றது வேற கம்பெனியின் ஃபைபர் அல்லது 5ஜி.

ரூட்டரும் ஒரு பலவீனம்தான். அது செத்தா இரண்டு லைனும் சும்மா. பெரிய ஆபீஸ்களில இரண்டு ரூட்டர் வைச்சு, இரண்டுக்கும் பொதுவா ஒரு முகவரி குடுப்பினம். விஆர்ஆர்பி எண்ட முறையில, முதல் ரூட்டர் "நான் இருக்கிறன்" எண்டு வழக்கமா ஒவ்வொரு விநாடியும் சொல்லும். மூன்று விநாடிக்கு மேல சத்தம் இல்லையெண்டா மற்றது பொறுப்பெடுக்கும். சின்னக் கடைக்கு அவ்வளவு தேவையில்லை. மோடத்துக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும்.

லைன் செத்ததை ரூட்டர் எப்படிக் கண்டுபிடிக்குது எண்டதையும் பாருங்கோ. மோடத்தில லைட் எரியுது எண்டதுக்காக இன்டர்நெட் இருக்கு எண்டு அர்த்தமில்லை. தூரத்தில இருக்கிற ஒரு முகவரியை ரூட்டர் அடிக்கடி பிங் பண்ணிப் பார்க்கிற மாதிரி செட் பண்ணுங்கோ.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டினாப் பிறகு, முதல் லைனின் கேபிளைக் கழற்றுங்கோ. கார்ட் மெஷினில ஒரு டொலர் அடிச்சுப் பாருங்கோ. பேந்து அதைப் பூட்டிவிட்டு, மற்ற லைனைக் கழற்றி அதையே செய்யுங்கோ. இரண்டு தரமும் பில் வந்தாத்தான் உங்களிட்ட இரண்டு லைன் இருக்கு.