பெயர் மாறலாம், ஆள் மாறக்கூடாது

போர் நடந்த பிரதேசங்களில் பல பெண்களின் பெரிய சொத்து ஒரு பிளாஸ்ரிக் பைதான். பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், காணாமற்போன மகனின் படம், முறைப்பாடு கொடுத்த துண்டு எல்லாம் அதற்குள் இருக்கும். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும், 2013 இல் வந்த காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கும், 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் இதே பத்திரங்களின் பிரதிகளைத்தான் அவர்கள் கொண்டு போனார்கள்.

இன்று சில மாதர் சங்கங்கள் இவற்றை ஸ்கான் செய்து கணினியில் வைக்கின்றன. ஊருக்கு ஒரு கோப்புறை, அதற்குள் குடும்பத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் பத்திரங்கள். ஆனால் ஸ்கானர் கொடுப்பது வெறும் இலக்கப் பெயர். தேடும்போது எது யாருடையது என்று தெரியாது. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் பெயர் மாற்ற நினைக்கிறோம். இங்கேதான் அவதானம் தேவை.

முதலில் பிரதி

மூலக் கோப்புறையில் கை வைக்கக்கூடாது. முழுவதையும் பென் டிரைவ் ஒன்றில் பிரதி செய்து, சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பின்பு கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ரொப்பர்டீஸ்' பகுதியைப் பாருங்கள். உள்ளே எத்தனை கோப்புகள், எத்தனை கோப்புறைகள் என்று காட்டும். அந்த எண்ணிக்கையைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பின்னும் அதே எண்ணிக்கை வரவேண்டும்.

எந்த வழியில் மாற்றுவது?

விண்டோஸில் பல கோப்புகளைத் தெரிவு செய்து எஃப்2 விசையை அழுத்திப் பெயர் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் அதே பெயரும் வரிசை இலக்கமும் கிடைக்கும். ஒரு குடும்பத்தின் கோப்புறைக்குள் இது உதவும். பல குடும்பங்களின் பத்திரங்கள் கலந்து கிடந்தால் ஆபத்து.

மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டோய்ஸ் தொகுப்பில் பவர்ரீநேம் என்ற கருவி உண்டு. உட்கோப்புறைகளுக்குள்ளும் சென்று மாற்றும். மாற்றுவதற்கு முன் பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அந்தப் பட்டியலை வாசிக்காமல் பொத்தானை அழுத்தவேண்டாம். 'ராசா' என்பதை 'ராஜா' என்று மாற்றச் சொன்னால் செல்வராசாவும் ராசாத்தியும் சேர்ந்தே மாறிவிடுவார்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கும் கோப்பின் பெயருக்கும் பொருத்தம் இல்லாமற் போகும்.

பாதைகளைப் பட்டியலிட்டு மாற்றும் நிரல்களைப் பயன்படுத்தினால், உள்ளிருந்து வெளியே வாருங்கள். முதலில் பத்திரங்கள், பின்பு குடும்பம், கடைசியில் ஊர். ஊரின் பெயரை முதலில் மாற்றினால் பட்டியலில் உள்ள பழைய பாதை பொய்யாகிவிடும். உள்ளே இருப்பதை நிரல் கண்டுபிடிக்காது. சில நிரல்கள் ஒரே பெயர் இரண்டு வந்தால் கேட்காமலே ஒன்றை அழித்து எழுதிவிடும்.

பெயர் எப்படி இருக்கவேண்டும்?

திகதியை 2009-05-18 என்று எழுதுங்கள். ஆண்டு முன்னே நின்றால் கோப்புகள் கால வரிசையில் நிற்கும். சாய்கோட்டை விண்டோஸ் பெயரில் ஏற்காது. புள்ளிக்குப் பின்னால் வரும் பிடிஎஃப், ஜேபிஜி போன்ற பகுதியை மாற்றவேண்டாம். மாற்றினால் கோப்பு திறக்காமற் போகலாம்.

பெயர் சுருக்கமாக இருக்கட்டும். விண்டோஸில் வழமையாக முழுப் பாதைக்கும் 260 எழுத்துகள்தான் எல்லை. 'கிளிநொச்சி' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கொம்பு, விசிறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணுவதால் கணினிக்கு அது பத்து.

இன்னொன்று. கோப்பைத் திறக்காமலே பெயரை எவரும் வாசிக்கலாம். அடையாள அட்டை இலக்கம், வன்முறை பற்றிய விபரம் போன்றவற்றைப் பெயரில் எழுதாதீர்கள்.

தவறு நேர்ந்தால் வேறு எதையும் தொடாமல் உடனே கன்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அனேகமாகப் பழைய பெயர் திரும்பும். கணினியை நிறுத்திய பின் அந்த வழி இல்லை. அப்போது கைகொடுப்பது பென் டிரைவில் உள்ள பிரதிதான்.

சகோதரிகளே, இந்த வேலையைக் கணினி தெரிந்த பிள்ளை ஒருவரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் பெயரை மாற்ற, இன்னொருவர் பத்திரத்தைப் பார்த்து உரக்க வாசிக்கட்டும். முதல் நாள் ஒரே ஒரு குடும்பத்தின் கோப்புறையில் செய்து பாருங்கள். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் கொப்பியில் எழுதி வையுங்கள். கணினியில் ஏற்றியாயிற்று என்று பிளாஸ்ரிக் பையை மட்டும் எறிந்துவிடவேண்டாம்.