பதின்மூன்று உயிர்களும் எட்டு முகங்களும்

வாரந்தோறும் தொடர்கதை படிப்பவர் 'தொடரும்' என்ற சொல்லைக் கண்டதும் இதழை மூடிவைத்துவிடுவார். ஆனால், மனத்தை மூடிவைப்பதில்லை. அடுத்து என்ன நிகழும், ஆசிரியர் முன்னர் கூறியதற்கும் இப்பொழுது கூறுவதற்கும் தொடர்பு யாது, சொல்லாமல் விட்டது எதனால் என்றெல்லாம் அவர் எண்ணிப் பார்ப்பார், பிறரோடு வாதிடுவார். இவ்வழக்கம் ஒரே கதையைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று, ஈற்றில் கதையையே மாற்றியமைத்த விந்தை ஒன்று பிரித்தானியாவில் உண்டு. 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரே அது.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இத்தொடரின் முதற் பகுதியை 1963 நவம்பர் 23 ஆம் நாள், சனிக்கிழமை மாலை ஒளிபரப்பியது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. நாடெங்கும் மக்களின் கவனம் அத்துயரச் செய்தியிற் பதிந்திருந்தமையால், அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்னதாக முதற் பகுதி மீண்டும் காட்டப்பட்டது. வெரிட்டி லம்பேர்ட் என்னும் இளம் பெண்மணி தயாரிப்பாளராக இருந்தார்; இந்தியாவின் லக்னோ நகரிற் பிறந்த வாரிஸ் ஹுசைன் முதற் கதையை நெறிப்படுத்தினார். காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் பொறியொன்றை உடைய முதியவர் ஒருவர் தம் பேர்த்தியுடன் இலண்டனில் ஒதுங்கி வாழ்கின்றார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அப்பொறி வெறும் பொலிஸ் தொலைபேசிக் கூண்டு. உள்ளே நுழைந்தாலோ பரந்த மண்டபம். அவரை யாவரும் 'டொக்டர்' என்றே அழைக்கின்றனர். அவருடைய இயற்பெயர் யாது? எவ்வுலகினர்? ஏன் வந்தார்? இவற்றுக்கு விடை கூறப்படவில்லை. 'ஹூ', அதாவது 'யார்', என்ற வினா தலைப்பிலேயே நின்றது.

மூன்றாண்டுகள் கழிந்தபின் எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் நோயுற்றார். தொடரை நிறுத்துவதற்கு மனமில்லாத தயாரிப்பாளர்கள் துணிவான ஓர் உபாயத்தைக் கையாண்டனர். 1966 ஒக்டோபர் 29 ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியின் இறுதியில் டொக்டர் நிலத்தில் வீழ்கின்றார். அவர் முகம் ஒளியில் மறைகின்றது. வேறொரு முகம் தோன்றுகின்றது. அது பற்றிக் ட்ரவுட்டன் என்னும் நடிகரின் முகம். உடல் மாறியது, ஆள் மாறவில்லை. இவ்வாறு புத்துருப் பெறுதல் அன்று முதல் இத்தொடரின் உயிர்நாடியாயிற்று. டொக்டரின் இனத்தார் 'காலவேந்தர்' எனப்படுவர் என்பது 1969 இலேதான் சொல்லப்பட்டது. அவருடைய உலகின் பெயர் 'கலிஃப்ரே' என்பதை அறிவதற்கு, தொடர் தொடங்கியதிலிருந்து பார்வையாளர் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தொடர் ஒருவரால் எழுதப்பட்ட காவியம் அன்று. எழுத்தாளர் பலர் வந்தனர், பலர் சென்றனர். முன்னவர் எழுதியதைப் பின்னவர் மறந்ததும் உண்டு. அறிந்தே மீறியதும் உண்டு. ஆகவே கதையில் அவிழாத முடிச்சுகள் பல தங்கின. அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆசிரியர் வேண்டுமென்றே இட்ட முடிச்சு. 2005 ஆம் ஆண்டில் தொடர் புத்துயிர் பெற்றபோது, 'கெட்ட ஓநாய்' என்னும் பொருள்படும் சொற்றொடர் பல பகுதிகளில் ஏதேனுமொரு மூலையில் தென்பட்டது. இதன் பொருளைக் கண்டுபிடிக்கப் பார்வையாளர் பெரிதும் முயன்றனர். டொக்டரின் தோழியான ரோஸ், தனக்கே வழிகாட்டும் பொருட்டு, அச்சொற்களைக் காலமெங்கும் தூவியவள் தானே என்பதை அவ்வாண்டு ஜூன் 18 ஆம் நாள் ஒளிபரப்பான இறுதிப் பகுதி வெளிப்படுத்தியது. இரண்டாவது, தவறினால் விழுந்த முடிச்சு. 1975 இற் காட்டப்பட்ட கதையில் டொக்டரின் தோழி ஒருத்தி தான் 1980 ஆம் ஆண்டைச் சேர்ந்தவள் என்கின்றாள். 1983 இற் காட்டப்பட்ட கதையிலோ, அவள் காலத்தில் படைத்தலைவராக விளங்கியவர் 1977 அளவிலேயே ஓய்வுபெற்றுப் பள்ளி ஆசிரியராக இருக்கின்றார். இவ்விரண்டையும் இசைவிக்க எத்தனையோ கணக்குகள் போடப்பட்டன, ஒன்றும் பொருந்தவில்லை. 2008 இல் டொக்டரே, அது எழுபதுகளா எண்பதுகளா என்று தமக்கு நினைவில்லை என வேடிக்கையாகக் கூறி நகர்ந்துவிட்டார். மூன்றாவது வகை, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆசிரியர் ஒருவர் ஒரு கருத்தோடு இட்டுச் சென்று, பின்வந்தோர் அவிழ்க்காது விட்ட முடிச்சு அது. ஊகத்துக்கு மிகுதியான இடம் அங்கேதான் உண்டு.

அத்தகைய முடிச்சு ஒன்று 1976 ஜனவரியில் விழுந்தது. அக்காலத்தில் டொக்டராக நடித்தவர், நான்காமவரான டொம் பேக்கர். மோர்பியஸ் என்னும் கொடிய காலவேந்தனோடு அவர் மனவலிமைப் போர் புரிகின்றார். திரையில் டொம் பேக்கரின் முகம் மறைந்து மூன்றாம் டொக்டரின் முகமும், பின் இரண்டாமவர் முகமும், பின் முதலாமவர் முகமும் தோன்றுகின்றன. அத்துடன் நின்றிருந்தால் வழக்கு இல்லை. அவற்றுக்குப் பின்னும், எவரும் முன்பு காணாத எட்டு முகங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. பழங்கால உடையணிந்து அவ்வாறு காட்சியளித்தவர்கள் தயாரிப்புக் குழுவைச் சேர்ந்தவர்களே. ஹார்ட்னெலுக்கு முன்னரும் டொக்டருக்கு வேறு உருவங்கள் இருந்தன என்று குறிப்பிடுவதே தமது கருத்து எனத் தயாரிப்பாளர் பிலிப் ஹின்ச்கிளிஃப் பின்னாளிற் கூறியுள்ளார். ஆனால், கதையில் எவரும் அதனை வாய்திறந்து சொல்லவில்லை.

அதே ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் தொடங்கி நவம்பரில் முடிந்த மற்றொரு கதையில் புதிய விதியொன்று புகுந்தது. காலவேந்தர் ஒருவர் பன்னிரண்டு முறையே புத்துருப் பெற முடியும். அதன்பின் இறப்பைத் தடுக்க வழியில்லை. அதாவது, ஒருவருக்குப் பதின்மூன்று உயிர்கள்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து எண்ணியவர்களுக்குச் சிக்கல் உடனே புலப்பட்டது. எட்டு முகங்களும் டொக்டருடையவை எனின், ஹார்ட்னெல் ஒன்பதாமவர் ஆவார். டொம் பேக்கர் பன்னிரண்டாமவர். 1981 இல் அவருக்குப் பின் வந்த பீற்றர் டேவிசன் பதின்மூன்றாமவர். அவரோடு டொக்டரின் வாழ்வு முடிந்திருக்க வேண்டும். ஆனால், 1984 இல் கொலின் பேக்கர் புதிய டொக்டராக வந்துவிட்டார். எனவே, ஒன்றில் எட்டு முகங்களும் மோர்பியசின் பழைய உருவங்களாதல் வேண்டும். அன்றேல் விதி பொய்யாதல் வேண்டும்.

வீட்டிலிருந்தே பழைய பகுதிகளைத் திரும்பப் பார்க்கும் வசதி பெரும்பாலோர்க்கு அன்று இல்லை. நினைவும், சிலர் வானொலி நிகழ்ச்சியைப் பதிவதுபோல் வீட்டில் ஒலிநாடாவிற் பதிந்துவைத்த உரையாடல்களும், கதைகளின் நூல்வடிவங்களுமே சான்றுகள். எனினும் வழக்குமன்றத்தில் வாதிடுவோரைப்போல் அவர்கள் சான்று திரட்டினர். 1973 அளவிற் காட்டப்பட்ட கதையில் ஹார்ட்னெலே மிக முந்திய டொக்டர் எனக் காலவேந்தர் கூறியதை ஒரு சாரார் எடுத்துக் காட்டினர். 1983 இல், தாம் நான்கு முறை புத்துருப் பெற்றுவிட்டதாக ஐந்தாம் டொக்டர் தம் வாயாற் கூறியது அவர்கள் கட்சிக்கு மேலும் வலுவூட்டியது. மற்றைச் சாராரோ, மனப்போரில் தோற்றுக்கொண்டிருந்தவர் டொக்டரே. தோற்பவர் முகங்களே பின்னோக்கிச் செல்லும். ஆதலின் அவை டொக்டருடையவையே என்றனர். இருதரப்பிலும் நியாயம் இருந்தது.

பதின்மூன்று என்னும் எல்லையும் மெல்ல மெல்ல நெருங்கியது. 1989 இல் நின்றுபோன தொடர், 1996 இல் ஒரு திரைப்படமாகத் தோன்றி மறைந்து, 2005 இல் மீண்டது. 2008 ஜூன் 28 ஆம் நாள், பத்தாம் டொக்டரான டேவிட் டெனன்ட் படுகாயமுற்றுப் புத்துருப் பெறத் தொடங்கும் வேளையில் அவ்வாரப் பகுதி முடிவுற்றது. அடுத்த ஏழு நாட்களும் பிரித்தானியாவிற் பலருடைய பேச்சு இதுவே. விடையோ முன்னரே கண்முன் வைக்கப்பட்டிருந்தது. 2005 நத்தார் தினக் கதையில் டொக்டரின் கை ஒன்று வெட்டுண்டது. அக்கை கண்ணாடிக் கலத்திற் பேணப்பட்டு வந்தது. உருமாறும் ஆற்றலின் எஞ்சிய பகுதியை அக்கையினுள் செலுத்தி, அதே முகத்தோடு டொக்டர் எழுந்தார்.

அங்ஙனமாயின் அது ஒரு முறையாகக் கணக்கிடப்படுமா? இவ்வினாவுக்கு 2013 இல் விடை வந்தது. அவ்வாண்டு, எண்ணிக்கையில் சேராத 'போர்க்கால டொக்டர்' ஒருவர் ஜோன் ஹேர்ட் என்னும் முதுபெரும் நடிகரின் உருவில் அறிமுகமானார். அவரையும், டெனன்ட் இருமுறை செலவிட்டதையும் கூட்டினால், பதினோராமவர் எனப்பட்ட மாற் ஸ்மித் உண்மையிற் பதின்மூன்றாமவர் என டிசம்பர் 25 ஆம் நாட்கதை கூறியது. சாவின் விளிம்பில் நின்றவருக்குக் காலவேந்தர் புதிய உயிர்த்தொடர் ஒன்றை வழங்கினர். இதுவும் வானத்திலிருந்து விழுந்த தீர்வு அன்று. 1983 இற் காட்டப்பட்ட கதையிலேயே டொக்டரின் பகைவனுக்கு அத்தகைய கொடை வாக்களிக்கப்பட்டிருந்தது. அதனை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு முப்பது ஆண்டுகளாகத் திறவுகோல் கையிலேயே இருந்தது.

எட்டு முகங்களின் வழக்கு இன்னும் நீண்டது. 1986 இல், பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் இத்தொடரின் இரசிகர் சிலர் தோன்றி அதன் அக்காலத் தரத்தைக் கண்டித்தனர். அவர்களுள் பதினாறு வயதினரான கிறிஸ் சிப்னல் என்பவரும் ஒருவர். அவரே 2018 இல் தொடரின் தலைமை எழுத்தாளரானார். 2020 ஜனவரி 26 ஆம் நாள், எவரும் அறியாத டொக்டர் ஒருவரைப் பெண்ணுருவில் அவர் நுழைத்தார். ஐந்து வாரங்கள் ஊகங்கள் பறந்தன. மார்ச் 1 ஆம் நாள் மறை திறந்தது. டொக்டர் கலிஃப்ரேயிற் பிறந்தவரல்லர். வேறோர் உலகிற் கண்டெடுக்கப்பட்ட அநாதைக் குழந்தை. புத்துருப் பெறும் ஆற்றலைக் காலவேந்தர் பெற்றதே அக்குழந்தையிடமிருந்துதான். ஹார்ட்னெலுக்கு முன் எத்தனையோ உருவங்கள் இருந்தன, அந்நினைவுகள் அழிக்கப்பட்டன. அப்பகுதியில் 1976 இன் அந்த முகங்களும் மீண்டும் மின்னி மறைந்தன. நாற்பத்து நான்கு ஆண்டு வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது.

தீர்ப்பினால் அமைதி உண்டாயிற்றா எனின், இல்லை. எல்லையற்ற உயிருடைய குழந்தை எனின், 2013 இல் இறப்பை அஞ்சியது ஏன் என்ற புதிய வினா எழுந்தது. அதனினும் ஆழமான மனக்குறை ஒன்றும் இருந்தது. டொக்டர் தம் இனத்தாருள் ஒருவராகவே பிறந்து, அவர்களுடைய செயலற்ற வாழ்வை வெறுத்து வெளியேறி, பிறர் துயர் துடைக்கத் தாமே தேர்ந்துகொண்டவர் என்பதிலேதான் அவருடைய பெருமை இருந்தது என்று பலர் எண்ணினர். பெருமை செயலால் வந்ததா, பிறப்பால் வந்ததா என்பதே அவர்கள் வினா. அவரை அரும்பிறப்பினர் ஆக்கியதால் அவர் சிறுமையடைந்தார் என அவர்கள் வருந்தினர். மறுசாராரோ, தம் பிறப்பையே அறியாத ஒருவர் தாம் யார் என்பதைத் தம் செயலாலேயே நிலைநாட்டுவது மேலும் உயர்ந்தது என்றனர். முகங்களை எண்ணத் தொடங்கிய வாதம் ஒழுக்கத்தைப் பற்றிய வாதத்தில் வந்து நின்றது.

ஊகித்தலை வீண்பொழுது எனச் சிலர் இகழ்வர். நூலுக்குரிய உத்திகள் 32 இனுள் 'உய்த்துணர வைப்பு' என்பதையும் ஒன்றாக நன்னூலார் வைத்திருப்பதை அவர்கள் எண்ணிப்பார்த்தல் தகும். எல்லாவற்றையும் விரித்துரைக்காது, அறிவோர் தாமே உணருமாறு இடம்விடுவதும் ஆசிரியனுக்கு அழகே. அவ்விடத்தை நிரப்புவோன் மூன்றினைக் கைக்கொள்ள வேண்டும். கதையிலுள்ள சான்றின்மேல் நிற்றல். ஆசிரியரின் தவறு எது, கருத்து எது எனப் பகுத்தறிதல். மாறான சான்று வந்தால் தன் முடிவைக் கைவிடுதல். இம்மூன்றும் அமைந்த ஊகம் கவனமான வாசிப்பின் வேறொரு பெயரே ஆகும். இவற்றுள் ஒன்று குறையினும் அது வெறும் பிடிவாதமாகிவிடும்.

2025 மே 31 ஆம் நாள், பதினைந்தாம் டொக்டராக நடித்த இன்ஷூட்டி கட்வாவின் உருவம் ஒளியில் மறைந்தது. தோன்றிய முகம் முற்றிலும் புதியதன்று. 2005 இல் ரோஸ் என்னும் தோழியாக நடித்த பில்லி பைப்பரின் முகம் அது. புதியவர் வரும்போது இறுதிப் பெயர்வரிசையில் 'டொக்டராக' என்ற சொல்லும் உடன் வருவதே வழக்கம். அன்று பைப்பரின் பெயர் மட்டும் வந்தது. அந்த ஒரு சொல் இல்லை. அன்றிரவே பார்வையாளர் 1966 முதலான சான்றுகளை மீண்டும் புரட்டத் தொடங்கிவிட்டனர்.